விட்டத்தை அறுப்பதா, உயர்த்துவதா, இரும்பால் தாங்குவதா?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில், கூரைக்கு அடியில் உள்ள மச்சை அறையாக்கும் ஆசை பெருகியிருக்கிறது. ஏணி வைத்து ஏறினால் முதலில் தலையில் இடிப்பது சுவருக்குச் சுவர் ஓடும் விட்டம். அடுத்தது அதன் நடுவில் நிற்கும் குத்துக்கால். "இதை எடுத்துவிட்டால் ஒரு கட்டில் போடலாமே, ஆசாரி" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

எடுக்கலாமா என்பதற்கு விடை அந்த மரம் பார்க்கும் வேலையில் இருக்கிறது. சாய்ந்து நிற்கும் கைமரங்கள் ஓட்டின் பாரத்தால் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளுகின்றன. மங்களூர் ஓடு ஒன்று சுமார் இரண்டரை கிலோ. ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு போகும். மழையில் நனைந்தால் எடை இன்னும் கூடும். அந்தத் தள்ளலை இழுத்துப் பிடிப்பது விட்டம். குத்துக்கால் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதன் அடியை இரும்புப் பட்டை வளைத்துப் பிடித்திருந்தால், அது பெரும்பாலும் விட்டத்தை மேலிருந்து தூக்கிப் பிடிக்கிறது. வெறுமனே விட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்து, விட்டமும் நடுவில் தொய்ந்திருந்தால், முகட்டின் பாரத்தை விட்டத்தின் தலையில் இறக்குகிறது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டும் நேர் எதிரான வேலை பார்க்கின்றன. தூக்குக் குண்டைச் சுவரின் உச்சியிலிருந்து விட்டுப் பாருங்கள். சுவர் ஏற்கெனவே வெளியே சாய்ந்திருந்தால் ரம்பத்தைத் தொடவே வேண்டாம்.

மலிவான வழி, விட்டத்தை அறுத்துவிட்டு இரண்டடி மூன்றடி மேலே வேறொரு குறுக்குமரம் அடிப்பது. ஒரே நாளில் முடிந்துவிடும், இரும்பும் வேண்டாம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. குறுக்குமரம் மேலே போகப் போக அதன் மேல் வரும் இழுப்பு கூடுகிறது. அதற்குக் கீழே உள்ள கைமரம் வளையத் தொடங்குகிறது. பழைய கைமரங்களை அந்த வளைவுக்கு ஏற்ற கனத்தில் யாரும் செதுக்கவில்லை. கூரையின் உச்சிப் பகுதியில் அடித்த குறுக்குமரம் சுவர் விரிவதைத் தடுக்காது. வெட்டுக்கல்லை மண்சாந்தில் கட்டிய சுவராக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

இன்னொரு வழி, முகட்டின் கீழே இரும்பு உத்திரம் கொடுப்பது. முகட்டையே அசையாமல் தாங்கிவிட்டால் கைமரம் சுவரைத் தள்ளும் வேலை பெருமளவு நின்றுவிடுகிறது. அதன்பின் விட்டத்தை எடுப்பதில் நியாயம் உண்டு. ஆனால் கூரையின் பாரத்தில் பாதியளவு இப்போது இரண்டு முனைகளில் வந்து இறங்கும். முகடுவரை கூம்பி எழும் கூர்ச்சுவரில் கான்கிரீட் படுகை போடாமல் உத்திரத்தைச் செருகினால் கல் நொறுங்கும். மண்சாந்துச் சுவர் என்றால் அஸ்திவாரத்திலிருந்தே தூண் எழுப்ப வேண்டியிருக்கும், செலவு அங்கேதான் ஏறுகிறது. குளச்சல், முட்டம் போலக் கடலுக்கு அருகே என்றால் உப்புக்காற்று இரும்பைத் தின்னும்; துத்தநாகப் பூச்சு கட்டாயம். உத்திரத்தின் அளவைப் பட்டறைக்காரரிடம் கேட்காதீர்கள், பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

இடத்துக்கு ஆசைப்படாமல் மரத்தைக் காப்பாற்ற நினைப்பவருக்கு ஒட்டுக்கட்டையே, அதாவது கெட்ட இடத்தில் ஒட்டி முடுக்கும் புது மரமே போதும். விட்டம் பெரும்பாலும் கெடுவது சுவருக்குள் புதைந்த முனையில். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நம் மாவட்டத்துச் சுவரை நனைப்பதால் அங்கே ஈரம் தங்குகிறது, கரையானும் அங்கேதான் நுழைகிறது. உளுத்த பகுதியை வெட்டியெடுத்து, நல்ல மரம் வரும் தூரம்வரை இரண்டு பக்கமும் புது மரம் வைத்து, போல்ட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். பச்சை மரம் காய்ந்து சுருங்கி போல்ட் தளரும். இடித்த வீட்டிலிருந்து விற்பனைக்கு வரும் அயனியோ தேக்கோ மேல். முனையைச் சுற்றிக் காற்றோட இடம் விட்டு அடைக்க வேண்டும். ஒயர் போடுகிறவர் விட்டத்தின் நடுவில் பள்ளம் வெட்டவும் விடாதீர்கள். மரத்தின் பலம் அதன் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, பாதி ஆழம் போனால் மிஞ்சுவது கால் பங்கு பலம்தான்.

கூரையையே கழற்றித் தகடு போடுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டுக்கு அதன் எடையே பிடிமானம். தகட்டைச் சுவரோடு இறுகப் பிணைக்காவிட்டால் 2017 நவம்பர் 30-இல் வந்த ஒக்கிப் புயல் போன்ற காற்று தூக்கிவிடும். வெயிலும் தாங்காது. பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டி மரம் தானாக நிற்கும் என்பவர்களும் உண்டு. அங்கே கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பு இருப்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

பத்துப் பன்னிரண்டு அடி அகல வீட்டுக்கு நான் ஒட்டுக்கட்டையைச் சொல்வேன், கட்டில் கீழேயே கிடக்கட்டும். உண்மையிலேயே மேலே அறை வேண்டும் என்றால் இரும்பு உத்திரம். எதுவானாலும் வேலையை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வையுங்கள். வேலை முடியும்வரை கூரையைத் தாங்கும் முட்டுகள் மச்சுப் பலகையில் அல்ல, தரையில் ஊன்றி நிற்க வேண்டும். ஓடுகளை ஒரே பக்கமாக இறக்காமல் இரண்டு பக்கமும் சமமாக இறக்கச் சொல்லுங்கள்.