காசிமேட்டுக் குத்துச்சண்டைக் கூடத்தில் ஸ்பாரிங்

காசிமேட்டில் ஒரு மாடியில் இயங்கும் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடத்தில் நான்கு மாதங்களாகப் பயின்றுவருகிறேன். கற்றதைத் துணைவரோடு மோதிச் சோதித்துப் பார்க்கும் ஸ்பாரிங்குக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். போட்டியைப் போலவே 3 நிமிடச் சுற்று, 1 நிமிட ஓய்வு. ஆனால் திணிப்பு மிகுந்த 16 அவுன்ஸ் கையுறையும் தலைக்கவசமும் பல்காப்பும் அணியாத எவரையும் மாஸ்டர் ரிங்குக்குள் விடுவதில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்குத் தலைக்கவசம் இல்லையே என்று ஒரு மாணவர் கேட்டபோது, "அது போட்டிப்பா, இது பாடம்" என்றார். அதுவே சரி.

என்னோடு மோதுபவர் என்னைவிட எட்டு கிலோ கூடுதல் எடை உள்ளவர். நான் இடது கையால் நேராக விடும் ஒவ்வொரு ஜாப் குத்துக்குப் பின்னும் அந்தக் கை தாடைக்குத் திரும்பாமல் தாழ்ந்தே நிற்பதைக் கண்டுகொண்ட அவர், ஓங்கி அடிக்காமல், அந்த இடைவெளியில் வலது கையுறையால் என் கன்னத்தை மெல்லத் தொட்டுத் தொட்டு உணர்த்தினார். மணல்மூட்டை ஒருநாளும் எனக்குக் காட்டாத குறை அது. முன்பு நான் சென்ற வேறொரு கூடத்திலோ, புதியவரைத் தேர்ந்தவர் முன் நிறுத்தி, மூக்கில் இரத்தம் வழியும்வரை வேடிக்கை பார்த்தார்கள்.

இங்குள்ள பொதுக் கையுறைகள் மட்டும் வியர்வை உலராமல் நாறுகின்றன. சொந்தமாக ஒன்று வாங்கிச் செல்லுங்கள்.