விற்பதா, ஒப்படைப்பதா?

நொடித்துப்போன இரண்டு வேல்ஸ் எஸ்டேட்டுகள்: ஹவோட் விற்கப்பட்டது, எர்த்திக் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஹவோடில் அதன் உரிமையாளர் தாமஸ் ஜான்ஸ் லட்சக்கணக்கில் மரம் நட்டார். 1807இல் மாளிகை எரிந்தது. திரும்பக் கட்டினார், கடன் கழுத்தை நெரித்தது. அவருக்குப் பின் எஸ்டேட் கைமாறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மரவியாபாரிகளிடம் சிக்கியது. 1958இல் மாளிகையை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

எர்த்திக் கதை வேறு. அடியில் நிலக்கரி தோண்டியதில் வீடே கீழே இறங்கிவிட்டது. கூரை ஒழுகியது, மின் இணைப்பும் கிடையாது. புல்லை ஆடுகள்தான் மேய்ந்து ஒழுங்குபடுத்தின. அதன் உரிமையாளர், வாரிசில்லாத பிலிப் யார்க், 1973இல் எல்லாவற்றையும் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். சரி, டிரஸ்ட் மட்டும் விற்கவில்லையா? பூங்கா நிலத்தில் ஒரு பகுதியை விற்றது. ஆனால் அந்தப் பணம் வீட்டைப் பழுதுபார்க்கவே போனது. சுரங்க நஷ்டஈடும் கைகொடுத்தது. என் ஓட்டு எர்த்திக்குக்குத்தான், யார்க் குடும்பத்தின் கையைவிட்டுச் சொத்து போய்விட்டாலும். 1977இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.