கத்திரி வெயிலில் சென்னை: பிள்ளைகளுக்கு எந்த இடம், எந்த நேரம்?

மே மாதம் பிறந்துவிட்டால் சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு விருந்தாளிப் பஞ்சம் கிடையாது. அக்கா பிள்ளைகள், மைத்துனர் பிள்ளைகள் என்று கோவில்பட்டியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து இறங்கிவிடுவார்கள். "இன்றைக்கு எங்கே மாமா?" என்ற கேள்வி, காலைக் காபி ஆறுவதற்குள் வந்து நிற்கும். ஆண்டுதோறும் வரும் 'கோடையில் காண வேண்டிய இடங்கள்' பட்டியல்கள் இந்தக் கேள்விக்கு உதவுவதில்லை. அவற்றில் எல்லா இடங்களும் ஒரே வரிசையில் நிற்கும். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போவது, எத்தனை வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தும் என்ற விவரம் மட்டும் இருக்காது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் அக்னி நட்சத்திரத்தில் அந்த இரண்டும் தெரியாமல் கிளம்பினால், உச்சி வெயிலில் ஒரு பிள்ளையைத் தோளிலும் இன்னொன்றை இடுப்பிலும் சுமந்தபடி ஆட்டோ தேட வேண்டியதுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் கூட வந்தால், பேர்போன பெரிய இடத்தைவிட, இரண்டு மணி நேரத்தில் சுற்றி முடிக்கக்கூடிய சிறிய இடமே மேல். இந்தக் கணக்கு தப்பும் இடமும் உண்டு. அது கடற்கரை, பிறகு வருகிறேன்.

வண்டலூரா, முதலைப் பண்ணையா?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு சுமார் 600 ஹெக்டேர். 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், கடைசியில் 1985-இல் வண்டலூரில் குடியேறியது. பழைய சென்னைக்காரர்கள் அதை 'உயிர் காலேஜ்' என்றுதான் சொல்வார்கள். கம்பிக் கூண்டுகள் போய் அகழியும் மரங்களும் வந்தது விலங்குகளின் பாக்கியம். பார்க்க வருகிறவர்களின் பாடுதான் வேறு. பகல் பதினொன்றுக்கு மேல் புலி எங்காவது நிழலில் சாய்ந்துவிடும். அகழிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்கு வாலின் நுனி தெரிந்தால் அதிர்ஷ்டம். "அதோ, அதோ" என்று கை காட்டும் பெரியப்பாவுக்கே அது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஓர் அடைப்பிலிருந்து அடுத்ததற்கு நடக்கும் தூரத்தில் ஆறு வயதுப் பிள்ளை குரங்கையும் மறந்து, சிங்கத்தையும் மறந்து, ஐஸ்கிரீம் ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கும். பேட்டரி வண்டி இருக்கிறது. விடுமுறைக் காலத்தில் அதற்கும் வரிசை இருக்கிறது.

அதற்காக வண்டலூரைத் தள்ளிவிட முடியாது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறினால் வண்டலூர் நிலையத்தில் இறங்கலாம். குடும்பமே போய்வர ஆகும் செலவு, ஒரு வாடகைக் காரில் பாதித் தூரம் போகும் செலவு. கேட் திறந்தவுடன் உள்ளே நுழைந்து, பன்னிரண்டுக்கு முன் வெளியே வந்துவிடத் துணிவு இருந்தால் விலங்குகள் நடமாடுவதையே பார்க்கலாம். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள் என்றால் வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொடுத்துவிட்டு நாம் நிழல் தேடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

எதிர்த்தரப்பு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் கூட்டாளிகளும் 1976-இல் தொடங்கியது. நகரின் மையத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மாமல்லபுரம் போகும் பஸ் வாசலிலேயே இறக்கிவிடும். இங்கே விலங்கைத் தேட வேண்டாம். தடுப்புச் சுவரோரம் போய் நின்றாலே போதும். சதுப்பு முதலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். சின்னவர்களை மட்டும் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும். பாதி முதலைகள் வாயை அகலத் திறந்து வைத்திருக்கும். "பசிக்கிறதா அதற்கு?" என்று கேட்காத குழந்தை இல்லை. பசியில்லை, உடம்புச் சூட்டை வெளியேற்ற முதலைக்குத் தெரிந்த வழி அது. வண்டலூரில் நம்மை ஏமாற்றும் அதே வெயில், இங்கே காட்சியை நடத்திக்கொடுக்கிறது. அடுத்த குளத்தில் கரியல் என்னும் நீள்மூக்கு முதலை, மூக்கை மட்டும் நீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

பண்ணை வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978-இல் பதிவான சங்கம். பாம்பு பிடிக்க வனத்துறை அனுமதி நடப்பில் இருந்து, விஷம் எடுக்கும் காட்சியும் நடக்கும் நாளாக இருந்தால், நான் வேறு எந்த இடத்தையும் இதற்கு ஈடாகச் சொல்ல மாட்டேன். மண்பானைகள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொன்றின் வாயும் துணியால் கட்டப்பட்டிருக்கும். இருளர் ஒருவர் கட்டை அவிழ்த்து, கொக்கியால் ஒரு கண்ணாடிவிரியனை வெளியே எடுத்துப் போடுவார். அதன் சீறலில் முன்வரிசைப் பிள்ளைகள் தாமாகவே பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். தலைக்குப் பின்னால் பிடித்து, மேலே சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் கடிக்க விடுவார். மஞ்சளாகச் சில துளிகள் உள்ளே இறங்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷமும் நாட்டின் பாம்புக்கடி மருந்துத் தயாரிப்புக்குப் போகிறது. சில வாரங்கள் வைத்திருந்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டி, பாம்பைக் காட்டிலேயே திரும்ப விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பை மறுபடி பிடித்துவிடாமல் இருக்கத்தான் அந்த அடையாளம். இதைக் கேட்ட பிள்ளை ஊருக்குத் திரும்பிப் பத்துப் பேரிடமாவது சொல்லும்.

குறையும் உண்டு. வீச்சம் அடிக்கும். திங்கட்கிழமை பூட்டியிருக்கும். நடுப்பகலில் மணல் காலைச் சுடும். அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்பவர்களுக்கு நகருக்குள்ளேயே ஒரு மாற்று: கிண்டி பாம்புப் பண்ணை. இதையும் 1972-இல் தொடங்கிவைத்தவர் விட்டேக்கர்தான். ஒட்டினாற்போல் இருக்கும் சிறுவர் பூங்கா 2024-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் பின்னால் 270 ஹெக்டேர் கிண்டி தேசியப் பூங்காவின் மரங்கள் நிற்பதால் நிழலுக்குக் குறைவில்லை. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் கிண்டி. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை வடநெம்மேலி. அதற்கு மேல் வண்டலூர். பல வயதும் கலந்த கூட்டம் என்றால் சின்னதற்கு ஏற்றபடி முடிவெடுங்கள். பெரியது முணுமுணுக்கும், சின்னதோ அழும்.

அருங்காட்சியகமா, கோளரங்கமா?

பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை கூரைக்குக் கீழே இருந்தாக வேண்டும். அதற்கு எழும்பூரும் கோட்டூர்புரமும் போட்டி போடுகின்றன.

1851-இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை 'முழுவதும் பார்த்துவிடலாம்' என்று போவதுதான் பலர் செய்கிற காரியம். ஆறு கட்டடங்கள், நாற்பதுக்கு மேற்பட்ட கூடங்கள். ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெயில். மூன்றாவது கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிடும். இரண்டே இரண்டு கூடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று விலங்கியல் பகுதி. அங்கே இருக்கும் திமிங்கல எலும்புக்கூட்டுக்கு எந்த விளக்கமும் தேவையில்லை. இன்னொன்று வெண்கலச் சிலைக் கூடம். சோழர் காலம், கலை நேர்த்தி என்றெல்லாம் ஆரம்பித்தால் கொட்டாவிதான் வரும். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நிறுத்தி, காலடியில் கிடக்கும் முயலகனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு சிலைகளின் பீடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பல பீடங்களில் ஓட்டைகளோ வளையங்களோ இருக்கும். "இது எதற்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கழியைச் செருகித் திருவிழாவில் தோளில் தூக்கிப் போவதற்கு என்று ஊரில் சுவாமி புறப்பாடு பார்த்து வளர்ந்த பிள்ளை சட்டென்று சொல்லிவிடும். நகரத்துப் பிள்ளை யோசிக்கும். பாட்டி ஊர்ப் பிள்ளைகள் பட்டணத்துப் பிள்ளைகளை ஜெயிக்கும் அரிய இடங்களில் இது ஒன்று. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

கோட்டூர்புரத்தில், பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குள் இருக்கும் பிர்லா கோளரங்கம் 1988-இல் வந்தது. தமிழ்க் காட்சிகளும் ஆங்கிலக் காட்சிகளும் தனித்தனி நேரத்தில் நடக்கும். நேரத்தைக் கேட்காமல் போய் ஆங்கிலக் காட்சியில் மாட்டிக்கொண்டால் சின்னவர்கள் தூங்கிவிடுவார்கள். சாய்வு நாற்காலி, இருட்டு, குளிர்ச்சி; பெரியவர்களும் தூங்கிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். நான்கு வயதுக்குக் கீழே இருட்டுக்குப் பயப்படும் குழந்தை என்றால் வேண்டாம். வெறும் கோளரங்கம் என்றால் எழும்பூரே ஜெயிக்கும். ஆனால் அதே காந்தி மண்டபம் சாலையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அதன் சிறுவர் பகுதியில் செயற்கை மரம் ஒன்று கிளை விரித்து நிற்க, அதைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். கட்டணம் கிடையாது. 'புத்தகமா, லீவிலா?' என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு நுழைந்த பையனை வெளியே இழுப்பதுதான் சிரமமாகிவிடும். காட்சி, நூலகம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு மத்தியானம் வெயில் படாமல் கழிந்துவிடும். ஆகவே என் ஓட்டு கோட்டூர்புரத்துக்கு. வெண்கலக் கூடத்துக்காக மனம் அடித்துக்கொள்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பெரம்பூர் பக்கம் ஐ.சி.எஃப். என்னும் ரயில்பெட்டித் தொழிற்சாலையின் ரயில் அருங்காட்சியகத்தைச் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். நீராவி எஞ்சின்களும் பொம்மை ரயிலும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். எஞ்சின்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. மே மாதப் பகலில் அந்த இரும்பில் கை வைக்க முடியாது. டிசம்பருக்கு ஒத்திவையுங்கள்.

தண்ணீர் விளையாட்டா, தட்சிணசித்ராவா?

கிழக்குக் கடற்கரைச் சாலையின் கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிள்ளைகளிடம் வாக்கெடுப்பு நடத்தினால் எப்போதும் அவைதான் ஜெயிக்கும். பணம் கொடுப்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று. டிக்கெட்டை வயதைப் பார்க்காமல் உயரத்தைப் பார்த்துப் போடும் இடங்கள் உண்டு. நெட்டையாக வளர்ந்த எட்டு வயதுக்குப் பெரியவர் கட்டணம் விழும். வெளியுணவைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. கட்டிக்கொண்டு போன புளியோதரை காரிலேயே வெந்துகொண்டிருக்கும். நீர் விளையாட்டுகளுக்குப் பருத்தி உடை ஆகாது, நைலான் வகைதான் வேண்டும் என்பார்கள். வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் வாடகை மிச்சம்.

முட்டுக்காட்டில் அப்படியொரு பூங்காவுக்குப் பக்கத்திலேயே 1996-இல் திறந்த தட்சிணசித்ரா இருக்கிறது. செட்டிநாட்டு வீடு, அக்கிரகார வீடு, கேரளத்து மரவீடு என்று தென்னிந்தியாவின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். குயவர் சக்கரத்தில் கை வைக்க விட்டால் பிள்ளைகள் அரை மணி நேரம் நகர மாட்டார்கள். பெங்களூரிலிருந்து, அடுக்குமாடியிலிருந்து வரும் பிள்ளைகள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தட்சிணசித்ரா என்பேன். கோவில்பட்டிப் பிள்ளைகள் "எங்கள் தாத்தா வீடும் இப்படித்தானே இருக்கிறது, இதற்கு டிக்கெட்டா?" என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அவர்களைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். தட்சிணசித்ராவுக்கும் செவ்வாய் விடுமுறை.

மெரினாவா, பெசன்ட் நகரா?

இங்கேதான் சிறியது தோற்கிறது. பெசன்ட் நகர்க் கடற்கரை சுத்தமானது, கைக்குள் அடங்குவது, பிள்ளைகள் தொலையும் பயம் குறைவு. ஏப்ரலில் போனால் மாலையில் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, அலை வந்து தொடும்வரை மணலில் துடுப்புப் போட்டுக்கொண்டே போகும். மே பாதிக்கு மேல் அது கிடைக்காது. பிறகு எல்லாக் கடற்கரையும் ஒன்றுதான் என்று தோன்றும், மெரினாவுக்குப் போகும்வரை.

ராட்டினம், குதிரைச் சவாரி, பலூன் சுடும் பலகை, மிளகாய் பஜ்ஜி, தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல். எல்லாவற்றுக்கும் பேரம் உண்டு. குதிரைக்காரரிடம் தொகையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். கலங்கரை விளக்கத்தில் லிஃப்டில் மேலே போய் மொத்தக் கடற்கரையையும் பார்க்கலாம். பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து, 2013 நவம்பரில்தான் மக்களுக்கு மீண்டும் திறந்தார்கள். காலையில் எழுந்துகொள்ளும் குடும்பம் என்றால் விடிந்ததும் நொச்சிக்குப்பம் பக்கம் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். சிறிய ஃபைபர் படகுகள் மட்டும் கரையேறும். வலையிலிருந்து நண்டைப் பிரித்தெடுக்கும் விரல்களைப் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். இரண்டு கடற்கரையிலும் கால் நனைப்பதோடு சரி. மெரினாவில் கரையிலிருந்து சில அடியிலேயே ஆழம் இறங்குகிறது, உள்ளிழுப்பும் பலமானது. நீச்சல் தெரிந்தவர்களே மூழ்கிப் போயிருக்கிறார்கள். இதில் பிள்ளைகளின் கெஞ்சலுக்கு மசியக் கூடாது.

போக்குவரத்திலும் ஒரு போட்டி இருக்கிறது. எழும்பூர், கிண்டி என்றால் மெட்ரோ. சுரங்கமும் நகரும் படிக்கட்டும் பார்த்திராத பிள்ளைகளுக்கு அதுவே ஒரு சவாரி. கோட்டூர்புரத்திலிருந்து மெரினாவுக்கு என்றால், மேம்பாலத்தில் ஓடும் பறக்கும் ரயில். பழசு, நிலையங்கள் ஓ என்று கிடக்கும். ஆனால் ஜன்னல் திறந்திருக்கும். அடையாற்றைக் கடக்கும்போது மாலைக் காற்று முகத்தில் அடிக்கும். கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்கி நடந்தால் கடற்கரை. ஐந்து மணிக்கு மேல் கிளம்பினால் போதும்.