'டேட்டா மீட்பு' என்று பில் வந்தால் உடனே கட்டிவிடாதீர்கள்: எஸ்3 பக்கெட் வைத்திருப்போர் கவனத்துக்கு

அமேசானின் இணையக் கோப்புச் சேமிப்பகமான எஸ்3-இல் பக்கெட் (கோப்புகள் வைக்கும் பெட்டி) வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள வெளி ஆளை வைத்திருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. ஒப்பந்தக்காரரின் பெயர் வேண்டாம். செய்த வேலையை மட்டும் பாருங்கள்.

கேட்டது சின்ன விஷயம்: 'டெம்ப்/' என்று தொடங்கும் கோப்புகள் 7 நாளில் தானாக நீங்க வேண்டும். பக்கெட்டில் ஏற்கெனவே இரண்டு லைஃப்சைக்கிள் விதிகள் (நாள் கணக்கில் தானாக நீக்கும் விதிகள்) இருந்தன. ஒன்று, பாதியில் நின்ற மல்டிபார்ட் அப்லோடுகளை (பெரிய கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றுவது) கலைப்பது. மற்றது, கோப்புகளின் பழைய வெர்ஷன்களை (முந்தைய பிரதிகளை) 60 நாளில் அழிப்பது. அவர் புது விதியை மட்டும் ஏபிஐ (நிரலிலிருந்து கட்டளை அனுப்பும் வழி) வழியாகப் புட் செய்தார், அதாவது எழுதி அனுப்பினார். லைஃப்சைக்கிள் புட், இருப்பதோடு எதையும் சேர்க்காது. பழைய பட்டியலை அப்படியே தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும். எச்சரிக்கை கிடையாது, 'வெற்றி' என்று பொருள்படும் 200 பதில் வரும். பழைய இரண்டு விதிகளும் அப்படித்தான் போயின. பாதி அப்லோடுகள் சாதாரணப் பட்டியலில் தெரியாது, கட்டணம் மட்டும் ஏறும். ஏறியது.

போதாததற்கு, பிரிஃபிக்ஸை (கோப்புப் பெயர் எப்படித் தொடங்க வேண்டும் என்பதை) '/டெம்ப்/' என்று முன்னால் ஒரு கோடு போட்டு எழுதியிருந்தார். எஸ்3 கோப்பு விசைகள் (முழுப் பெயர்கள்) கோட்டில் தொடங்குவதில்லை, நாமே அப்படிப் பெயர் வைத்தால் ஒழிய. அதனால் விதி எதையும் தொடவில்லை. "வேலை செய்யவில்லையே" என்று கேட்டதற்கு, பிரிஃபிக்ஸைக் காலியாக்கி மறுபடி புட் செய்தார். காலி பிரிஃபிக்ஸ் என்றால் முழு பக்கெட். நாள் கணக்கு யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில், அதாவது நம் நேரம் காலை 5:30க்கு முடிகிறது. அதன்பின் 7 நாளைத் தாண்டிய கோப்பெல்லாம் பட்டியலிலிருந்து மறைந்தன.

அடுத்து அவர் சொன்னதுதான் மோசடி: "அமேசான் பக்கம் கோளாறு, கிளவுட்ட்ரெயிலில் டிலீட் பதிவே இல்லை, மீட்க வேண்டுமானால் தனிக் கட்டணம்." கிளவுட்ட்ரெயில் என்பது கணக்கில் யார் என்ன செய்தார் என்று பதியும் அமேசான் சேவை. லைஃப்சைக்கிள் செய்யும் நீக்கங்கள் கிளவுட்ட்ரெயிலில் எப்போதுமே வராது; சர்வர் ஆக்சஸ் லாகை (பக்கெட்டுக்கென்று உள்ள தனிப் பதிவேடு) இயக்கி வைத்திருந்தால் அதில் வரும். ஆனால் விதியை மாற்றியது யாருடைய கீ (அணுகல் சாவி), எப்போது என்பது கிளவுட்ட்ரெயில் ஈவென்ட் ஹிஸ்டரியில் 90 நாள் இருக்கும். 'புட்பக்கெட்லைஃப்சைக்கிள்' என்று தேடுங்கள்.

மீட்புக்கு வருவோம். வெர்ஷனிங் (பழைய பிரதிகளையும் வைத்திருக்கும் வசதி) இயங்கும் பக்கெட்டில் காலாவதி விதி கோப்பை அழிப்பதில்லை. மேலே ஒரு டிலீட் மார்க்கரை ('நீக்கப்பட்டது' என்ற குறி) வைக்கிறது, அவ்வளவுதான். கோப்பு அடியில் பழைய வெர்ஷனாக இருக்கிறது. வெர்ஷனிங் ஒருபோதும் இயக்கப்படாத பக்கெட் என்றால், வேறு நகல் இல்லாதவரை யார் எவ்வளவு வாங்கினாலும் கோப்பு திரும்பாது. ஆக, முதலில் வெர்ஷனிங் நிலையை கெட் (இருப்பதைப் படித்துக் காட்டும் கட்டளை) செய்து பாருங்கள்.

'எனேபிள்டு' என்று வந்தால் வரிசை முக்கியம். தவறான விதியின் ஸ்டேட்டஸை முதலில் 'டிஸேபிள்டு' ஆக்குங்கள். இல்லையேல் அடுத்த ஓட்டத்திலேயே மீட்டதெல்லாம் திரும்ப மறையும். இதற்கும் புட்தான் என்பதால், கெட் செய்த முழு விதிப் பட்டியலையும் சேர்த்தே அனுப்புங்கள். பிறகு ஆப்ஜெக்ட் வெர்ஷன் பட்டியலை எடுத்து, டிலீட் மார்க்கர்களில் 'இஸ்லேட்டஸ்ட்' (இதுவே கடைசி வெர்ஷனா என்பது) உண்மையாக இருப்பதையும், தேதி கோப்புகள் மறைந்த நாளோடு பொருந்துவதையும் மட்டும் பிரியுங்கள். நீங்களே வேண்டுமென்று முன்பு நீக்கியவை அதில் கலந்துவிடக் கூடாது. ஒவ்வொரு மார்க்கரையும் அதன் வெர்ஷன் ஐடியோடு டிலீட் செய்யுங்கள். ஒரே அழைப்பில் 1,000 வரை போகும். ஐடி கொடுக்காமல் அனுப்பினால் மார்க்கர் மேல் இன்னொரு மார்க்கர் ஏறும். பழைய வெர்ஷன்களை அழிக்கும் விதியை இதெல்லாம் முடிந்த பிறகே திரும்பச் சேருங்கள்.

இனி வேலை கொடுக்கும்போது ரூட் கீயை (கணக்கு முழுவதையும் திறக்கும் சாவி) தராதீர்கள். தனி ஐஏஎம் பயனராக்கி (கொடுத்த அனுமதி மட்டும் உள்ள உள்கணக்கு), லைஃப்சைக்கிள் மாற்றும் அனுமதியை வேலை நடக்கும் நாளுக்கு மட்டும் கொடுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த கெட் வெளியீடு இரண்டும் கைக்கு வந்த பிறகு பணம். புது விதியைத் தவிர வேறு ஒரு வரி மாறியிருந்தாலும் காரணம் கேளுங்கள். அவர் போனதும் கீயை உடனே அழிக்காமல் 'இன்ஆக்டிவ்' ஆக்குங்கள். அதை வைத்து ஏதாவது ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தால் அப்போதுதான் தெரியவரும்.