தண்டவாளத்தில் தள்ளும் உராய்வுமானி: வாடகைக்கு எடுத்தால் போதும்

மும்பை ட்ராம்பே பக்கம் ஒரு தனியார் சைடிங்கில், அதாவது சரக்கு வேகன்கள் வந்துபோகும் கிளைப் பாதையில், பராமரிப்பு எங்கள் கையில் இருக்கிறது. அங்கே ஒரு வளைவில் வேகன்கள் திரும்பும்போது வரும் கீச்சுச் சத்தத்துக்கு எதிர்க் கட்டடத்துக்காரர்கள் புகார் மேல் புகாராகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கேங்கில் இருக்கும் தாராவிப் பையன், "அண்ணாச்சி, கிரீஸ் போட்டாச்சு, இன்னும் கத்துதே" என்று வாரா வாரம் சொல்வான். கண்ணால் பார்த்துப் பேசியது போதும், அளந்து பார்த்துவிடலாம் என்றுதான் நவி மும்பையில் ஒரு கருவிக் கடையில் இந்த உராய்வுமானியை (டிரைபோமீட்டர்) வாடகைக்கு எடுத்தோம்.

ஆள் நடந்துகொண்டே தள்ளும் கருவி இது. தண்டவாளத்தின் மேல் உட்காரும் சட்டம், நீளமான கைப்பிடி, அதில் ஒரு சின்னத் திரை. முக்கியமான உறுப்பு அடியில் இருக்கும் எஃகுச் சக்கரம். அதைக் குறிப்பிட்ட விசையால் தண்டவாளத்தில் அழுத்தி வைத்திருக்கும். நாம் தள்ளத் தள்ள, கிளட்ச் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் பிடிக்கும். முதலில் இழுவிசை ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது, சக்கரம் வழுக்கத் தொடங்கிவிடும். அந்த உச்ச இழுவிசையை அழுத்தும் விசையால் வகுத்தால் உராய்வுக் குணகம்; எண் குறையக் குறைய வழுக்கல் அதிகம். கைப்பிடி வழியாக அந்த வழுக்கல் லேசான உதறலாக உள்ளங்கைக்கே தெரியும்.

காய்ந்த சுத்தமான தண்டவாளத்தில் 0.4 முதல் 0.6 வரை காட்டும். கிரீஸ் நன்றாகப் பிடித்த உள்முகத்தில், அதாவது சக்கரத்தின் துருத்திய விளிம்பான ஃபிளேஞ்ச் உரசும் பக்கத்தில், 0.2-க்குக் கீழே வரும். சக்கரம் உருளும் மேல்பரப்பான தண்டவாளத்தின் தலைக்கு அவ்வளவு குறைவு ஆகாது. பிரேக் பிடிப்பதும் எஞ்சின் இழுப்பதும் அந்தத் தலையை நம்பித்தான். சுமை ஏறிய வேகனில் ஒரு சக்கரம் சுமார் 10 டன்னைத் தாங்கி நிற்பது சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில். அந்த இடத்தில் கிரீஸ் வழிந்தால் என்ன ஆகும் என்று கர்ஜத்துக்கு மேலே 37-க்கு 1 ஏற்றமுள்ள போர் காட் மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர்களைக் கேளுங்கள். பின்னால் தள்ள எஞ்சின் கோத்து, மணலும் தூவித்தான் ஏறுகிறார்கள்.

சரி, எங்கள் வளைவுக்கு வருகிறேன். வளைவின் வெளித் தண்டவாளத்தின் உள்முகத்தில் அளந்தால் 0.2-க்குக் கீழேதான் காட்டியது. கிரீஸ் வேலை செய்கிறது, பையன் மேல் குற்றமில்லை. உள் தண்டவாளத்தின் தலையில் வைத்துத் தள்ளினால் 0.5-க்கு மேலே காட்டியது. சத்தம் பிறப்பது அங்கேதான். வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியில் இரண்டு அச்சும் இணையாகப் பூட்டப்பட்டிருப்பதால் இறுக்கமான வளைவில் முன் அச்சால் வளைவுக்கு ஏற்றபடி திரும்ப முடியாது. உள்பக்கச் சக்கரம் உருண்டுகொண்டே பக்கவாட்டிலும் சறுக்கும். காய்ந்த உலோகத்தில் அந்தச் சறுக்கல் ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டிப் போகும்; சக்கரம் அதிர்ந்து கத்தும். வெளித் தண்டவாளத்துக்கு எத்தனை வாளி கிரீஸ் கொட்டினாலும் இந்தச் சத்தம் அடங்காது. உள் தண்டவாளத்தின் தலையில், உராய்வை 0.35-ஐ ஒட்டி நிறுத்தும் நீர்க்கலவைப் பூச்சான மாடிஃபையரைத் தடவினோம். பெருமளவு அடங்கிவிட்டது. இந்த ஒரு விஷயத்துக்கே கொடுத்த வாடகை வசூல்.

குறைகளும் உண்டு. கருவியின் சக்கரம் சின்னது, அழுத்தமும் கொஞ்சம். 10 டன் சக்கரத்துக்கு அடியில் என்ன நடக்கிறதோ அதையே இது அப்படியே சொல்லும் என்று நம்பக்கூடாது. இந்த இடத்துக்கும் அந்த இடத்துக்கும், தடவுவதற்கு முன்னும் பின்னும் என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் லாயக்கு. அதிலும் நேரம் முக்கியம். மும்பைக் காற்றின் ஈரத்தில் விடியற்காலையில், வண்டி ஓடாமல் பாதையை நிறுத்திவைக்கும் பிளாக் நேரத்தில், எடுத்த அளவும் மதிய வெயிலில் எடுத்த அளவும் ஒன்றாக இருக்காது. லேசான பனி ஈரம் துருவோடு குழைந்தால், கொட்டும் மழையைவிட அதிகமாக வழுக்கும். அப்புறம், சக்கரம் தண்டவாளத்தின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதை இது காட்டாது. அதற்குத் தலையில் குறுக்காகப் பெயிண்ட் பட்டை அடித்துவிட்டு, வண்டி போனபிறகு எங்கே உரிந்திருக்கிறது என்று பார்க்கும் பழைய வழியே போதும்.

கடையைப் பற்றி ஒரு வார்த்தை. கருவியைச் சுத்தமாகத் துடைத்து, ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தார்கள், முன்பணத்தையும் இழுத்தடிக்காமல் திருப்பித் தந்தார்கள். ஆனால் அளவுத் திருத்தச் சான்றிதழ் காலாவதியானது. கேட்டால் "சல்தா ஹை" (பரவாயில்லை, ஓடும்) என்றார்கள். உதிரியாகத் தந்த சக்கரத்தின் விளிம்பு தேய்ந்து பட்டையாகியிருந்தது. அதை மாட்டினால் அளவு தாறுமாறாகக் குதிக்கிறது. பேட்டரியும் பாதி ஷிஃப்டில் படுத்துவிட்டது.

மெட்ரோ டிப்போ மாதிரி தினமும் அளக்கும் வேலை இருந்தால் சொந்தமாக வாங்கலாம். எங்களைப் போல மழைக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை பார்ப்பவர்களுக்கு வாடகையே சரி. எடுக்கும்போது சான்றிதழில் தேதியைப் படியுங்கள், உதிரிச் சக்கரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், இரண்டாவது பேட்டரி கேட்டு வாங்குங்கள். சைடிங்கில் சார்ஜ் போட பிளக் பாயின்ட் கிடைக்காது.