சேப்பாக்கத்தில் ஒரு டெஸ்ட் நாள்: நிழலைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்

ஐ.பி.எல். பார்க்கப் போனவர்கள் சேப்பாக்கத்தைப் பற்றி எழுதித் தள்ளிவிட்டார்கள். டெஸ்டுக்குப் போனவர்கள் எழுதுவது குறைவு. 2024 செப்டம்பர் 19, வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்டின் முதல் நாள், ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

போய்ச்சேருவதில் சிரமமே இல்லை. வேளச்சேரி பக்கம் இருப்பவர்களுக்குப் பறக்கும் ரயில், சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானம் பக்கத்திலேயே. மெட்ரோ என்றால் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடக்கலாம். பைக்கில் வந்து பார்க்கிங் தேடுவது வீண் வேலை. டிக்கெட் வாங்கிய செயலி மட்டும் வரிசையில் நிற்கவைத்து உயிரை வாங்கியது, பெயர் எதற்கு. உள்ளே ஒரு வண்டிக்காரரிடம் வாங்கிய சமோசா எப்போதோ ஆறிப்போனது.

இருக்கை விஷயத்துக்கு வருவோம். 2011 உலகக் கோப்பையை ஒட்டி ஐ, ஜே, கே என்று மூன்று ஸ்டாண்டுகள் கட்டி, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியது போன்ற கூரை போட்டார்கள். அப்புறம் அந்த மூன்றும் பல வருஷம் பூட்டியே கிடந்தன. 2023இல்தான் பார்வையாளர்களுக்கு மறுபடி முழுசாகத் திறந்தன. ஸ்டாண்டுகளுக்கு நடுவே விட்டிருக்கும் இடைவெளி வழியாக, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கடல்காற்று உள்ளே வரும். அதுவரை புழுக்கம்தான். மேல்தட்டில் உட்கார்ந்தால் பந்து எவ்வளவு திரும்புகிறது என்பது தெரியாது, ஃபீல்டிங் அமைப்பு முழுசாகத் தெரியும். எனக்கு அது போதும்.

ஆட்டமும் ஏமாற்றவில்லை. இந்தியா முதலில் 34 ரன்னுக்கு 3 விக்கெட், அப்புறம் 144க்கு 6. வங்கதேச வேகப்பந்து வீச்சாளர் ஹசன் மஹ்மூத் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். ரோகித்தும் கோலியும் ஆளுக்கு 6 ரன்னில் போனதும் பின்வரிசையில் சிலர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். அஷ்வினும் ஜடேஜாவும் சேர்ந்து பிரியாமல் 195 ரன் அடித்ததை அவர்கள் போனில்தான் பார்த்திருப்பார்கள். உள்ளூர்க்காரர் அஷ்வின் உள்ளூரில் சதம் அடித்தபோது எழுந்த சத்தம் டிவியில் வரவே வராது.

தேநீர் இடைவேளையில் பக்கத்து சீட் கல்லூரிப் பையன் கேட்டான்: "அண்ணே, இந்த ஸ்டேடியத்துக்குப் பேர் வெச்சிருக்காங்களே எம்.ஏ. சிதம்பரம், நிதி மந்திரியா இருந்தாரே அவரா?"

"அவரில்லப்பா, அவருக்குத் தாய்மாமன்."

அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே சொல்கிறேன், ஏனென்றால் மைதானத்தைப் பற்றிப் பேச இவரைப் பற்றியும் பேச வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். 1918இல் பிறந்தவர். மதராஸ் மேயராக இருந்தவர். லாம்பிரெட்டா ஸ்கூட்டர், தூத்துக்குடி ஸ்பிக் உரம் என்று தொழில். இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கு 1960 முதல் 1963 வரை தலைவர். அந்த மூன்று வருஷத்தில்தான் துலீப் கோப்பை தொடங்கியது, இங்கிலாந்திடம் இந்தியா முதன்முதலில் ஒரு டெஸ்ட் தொடரை வென்றது, 21 வயசில் பட்டோடி கேப்டனானார். வென்றதும் கேப்டனானதும் அவர் கைங்கரியம் என்று சொல்லமாட்டேன். நிர்வாகிகளுக்கு அந்தப் புகழைக் கொடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

மைதானங்களுக்கு நிர்வாகிகள் பேர் வைப்பதும் பிடிக்காதுதான். மும்பையில் வான்கடே, பெங்களூரில் சின்னசாமி, இங்கே இவர். மூவரும் வாரியத் தலைவர்களாக இருந்தவர்கள். அதுவும் இவர் உயிரோடு இருந்தபோதே பேர் வைத்துவிட்டார்கள். 1986இல் ஆஸ்திரேலியாவுடன் 'டை' ஆன டெஸ்டே எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியத்தில் நடந்ததாகத்தான் பதிவு. மன்கட், ராம்சிங் போன்ற ஆட்டக்காரர்கள் பேரில் இருந்திருக்கலாம். மன்கட் 1952இல் இங்கே 12 விக்கெட் எடுத்து இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தந்தவர். 1934இல் நடந்த முதல் ரஞ்சி ஆட்டத்தில் ராம்சிங் 11 விக்கெட் எடுத்ததும் இங்கேதான், ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 1950களின் நடுவிலிருந்து பத்து வருஷம் மதராஸ் டெஸ்டுகள் சேப்பாக்கத்தில் நடக்கவில்லை, கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டன. மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஜோடியாக 413 ரன் சேர்த்தது அங்கேதான். மாநில கிரிக்கெட் சங்கத்தில் சிதம்பரம் செல்வாக்காக இருந்த காலத்தில், 1967 ஜனவரியில் டெஸ்ட் திரும்ப இங்கே வந்தது. வந்த கையோடு ஃபரூக் இஞ்சினியர் மேற்கிந்தியத் தீவுகள் பந்துவீச்சில் மதியச் சாப்பாட்டுக்குள் 94 அடித்தார். பின்னாளில் பம்பாயில் அங்குள்ள சங்கத்துக்கும் மைதானத்தை வைத்திருந்த கிளப்புக்கும் டிக்கெட் தகராறு வந்து, சற்று தள்ளியே இன்னொரு ஸ்டேடியம் கட்டிக்கொண்டார்கள். இங்கே பழைய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பும் சங்கமும் ஒரே வளாகத்திலேயே காலம் தள்ளுகின்றன. இதை எந்த ஸ்கோர்கார்டிலும் போடமாட்டார்கள். கமிட்டி அறையில் பேசித் தீர்த்த சமாச்சாரம். 1934இல் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி ஆடிய அதே புல்வெளியைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார முடிந்தது அதனால்தான்.

பாதிக் கதையில் அஷ்வின் ஸ்ட்ரைக்குக்கு வந்துவிட்டார், அதோடு பையன் என்னை மறந்துவிட்டான். சரிதானே.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கூரையடியில் கிடைக்கிற மட்டும் வாங்குங்கள். கீழ்த்தட்டில் வெயில் எந்த நேரம் எங்கே விழும் என்று போனவர்களிடம் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். தொப்பி அவசியம். சுழல்பந்து பார்க்க ஆசைப்பட்டு நாலாம் நாள் டிக்கெட் எடுப்பவர்கள் காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுங்கள். இந்த டெஸ்டில் அஷ்வின் 88 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.