பழமா, பார்ச்மென்ட்டா, பாக்கெட்டா?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இரண்டு மூன்று ஏக்கரில் அராபிகா காப்பி வைத்திருக்கும் குடும்பம், உயர்தரக் காப்பிக்குக் கிடைக்கும் ‘ஸ்பெஷாலிட்டி’ விலைக்கு ஆசைப்பட்டால் மூன்று வழி உண்டு. பழுத்த பழமாகவே விற்கலாம். தோல் நீக்கிக் கழுவி உலர்த்தி, மெல்லிய ஓட்டோடு இருக்கும் கொட்டையாக, அதாவது பார்ச்மென்ட்டாக விற்கலாம். வறுத்துச் சொந்தப் பெயரில் பாக்கெட் போடலாம். கைதட்டல் எல்லாம் மூன்றாவதற்குத்தான். என் ஓட்டு அதற்கில்லை.

பழமாக விற்பதற்கு நல்ல உதாரணம் ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்கு. ஆதிவாசிக் குடும்பங்கள் சிறுசிறு நிலங்களில் விளைவிக்கும் பழத்தை, நாந்தி அறக்கட்டளை உருவாக்கிய ஏற்பாட்டில் வாங்கிப் பொது ஆலையில் பதப்படுத்துகிறார்கள். 2017-இல் பாரிஸில் கடையே திறந்தார்கள். 2019-இல் அரக்கு அராபிகாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விவசாயிக்கு வேலை ஒன்றுதான், சிவந்த பழமாகப் பார்த்துப் பறிப்பது. ஆனால் அதற்காக ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும், கூலி ஏறும். அதற்கு மேல் விலை தர நம்பகமான ஆள் இருந்தால்தான் கட்டுப்படியாகும். பறித்த பழம் காத்திருக்காது. சாயங்காலம் வண்டி ஒன்றுதான் வருகிறதென்றால், வியாபாரி சொன்னதுதான் விலை.

பார்ச்மென்ட்டில் பாடு அதிகம். பறித்த அன்றே பல்பரில் (தோலுரிக்கும் இயந்திரம்) போட்டு, தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் விட்டு, வழவழப்புப் போகக் கழுவி, ஈரம் 11 சதவீத அளவுக்கு இறங்கும்வரை உலர்த்த வேண்டும். தொட்டியில் மறந்தால் புளிப்பு வாடை, களத்தில் நனைந்தால் பூஞ்சணம். கீழ்ப்பழனி மலையின் தலைவலியே இதுதான்: பழம் பழுக்கும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் வரும். அதனால், பழத்தை அப்படியே மூன்று வாரம் போல வெயிலில் காயவைக்கும் ‘நேச்சுரல்’ நவம்பரில் இங்கே சூதாட்டம். ஆசையிருந்தால் ஜனவரிப் பறிப்பில் ஒரு மூட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் ஒழுங்காகக் காய்ந்த பார்ச்மென்ட் காத்திருக்கும். நிழல்மரத்தில் ஏறிய மிளகு கைச்செலவைப் பார்த்துக்கொண்டால், முதல் விலைக்கே தலையாட்ட வேண்டியதில்லை. மாதிரியைச் சுவைத்துப் பார்க்க அனுப்பலாம். நூற்றுக்கு 80 மதிப்பெண் வந்தால் ஸ்பெஷாலிட்டி என்று பேரம் பேசலாம். ஒரு எச்சரிக்கை: பட்டிவீரன்பட்டிக்குக் க்யூரிங் (ஓடு நீக்கித் தரம் பிரிப்பது) அனுப்பினால் தனி லாட்டாகவே ஓட்டச் சொல்லுங்கள். ஊர்க்காயோடு கலந்துவிட்டால் பட்ட பாடெல்லாம் போச்சு.

சரி, பாக்கெட்? 600 கிலோ பழத்தில் சுமார் 100 கிலோ பச்சைக் கொட்டை, அதாவது ஓடு நீக்கிய வறுக்காத கொட்டை தேறும். வறுத்தால் 85 கிலோ போல நிற்கும். கால் கிலோ பாக்கெட்டாக 340. கிலோவுக்குக் கிடைக்கும் விலை மூன்றிலும் இதில்தான் உச்சம், மறுக்கவில்லை. ஆனால் அந்த 340 பேரை யார் தேடுவது? நம் வீடுகள் பலவற்றில் டிகாஷன் என்றால் சிக்கரி சேர்ந்ததுதான். ரோஸ்டர், உணவு உரிமம், கூரியர், இன்ஸ்டாகிராம் என்று ஒவ்வொன்றும் ஆள் கேட்கும், அதுவும் தோட்டத்தில் பறிப்புக்கே ஆள் கிடைக்காத மாதங்களில். வறுத்த காப்பிக்கு வாசமும் சில வாரங்களில் இறங்கிவிடும். மகனோ மருமகளோ சென்னையில் இருந்து விற்பனையை முழுசாக ஏற்றுக்கொண்டால் யோசிக்கலாம்.

மற்றவர்களுக்குப் பார்ச்மென்ட்தான். ரோஸ்டருக்கு ஒதுக்கிய பணத்தில் களத்துக்கு மழை மறைப்பும், தரையிலிருந்து உயர்த்திய வலைப்பந்தலும் போடலாம். ஈரமானியை நாலு வீடு சேர்ந்து வாங்கினாலே போதும்.